நிருபரா, டெஸ்க்கா, கதையா: படிப்பு முடியும் முன் ஒரு கணக்கு

படிப்பு முடிய இன்னும் நான்கு மாதம். இதழியல் மாணவர்களிடம் இந்தச் சமயத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அடுத்து என்ன? இரண்டு வருடமாக நான் அதற்கு ‘எழுத்து சம்பந்தமா ஏதாவது’ என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது, அந்த ‘எழுத்து சம்பந்தமா’ என்பதற்குள் ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்து வேலைகள் இருக்கின்றன. ஒன்றில் நாள் முழுக்க யாருக்காகவாவது காத்துக்கொண்டு நிற்க வேண்டும், இன்னொன்றில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே நேரம் இருக்காது, மற்றொன்றில் எழுத்து என்பதே பாதிதான், மீதியெல்லாம் குரலும் சத்தமும்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் போடும் கணக்கு யாருக்கும் புரியாது. மாணவர் இதழில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன், முதல் வருடம் செய்தி சேகரிப்பு, இரண்டாம் வருடம் மற்றவர்கள் எழுதியதைச் செப்பனிடுவது. சிறுகதை எழுதுகிறேன். இதுவரை ஏழு முடித்திருக்கிறேன், இரண்டு வெளியாகியிருக்கின்றன. போனில் ஆட்களின் பேச்சைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, பத்து நிமிட ஒலித்தொகுப்புகளாகச் செய்வது மூன்றாவது ஆசை. புகைப்படமும் எடுப்பேன், ஆனால் அதில் நான் சுமார்தான் என்று எனக்கே தெரியும், அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆக என் முன்னால் இருப்பவை: நிருபர் வேலை, டெஸ்க் வேலை (அதாவது உதவி ஆசிரியர்), தனியாக நின்று நீண்ட கட்டுரைகள் எழுதும் ஃப்ரீலான்ஸ், ஆடியோ, கடைசியாக எழுத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலையில் சேர்ந்துவிட்டு மீதி நேரத்தில் கதை எழுதுவது. மேற்படிப்பு ஆறாவதாக இருந்தது, அதை முதல் நாளே எடுத்துவிட்டேன். எனக்கு அது முடிவைத் தள்ளிப்போடும் வழியாக மட்டும்தான் தெரிந்தது. ஆராய்ச்சியிலோ பாடம் நடத்துவதிலோ மனம் உள்ளவர்களுக்கு அது வேறு கதை.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன், ஒரு தாளில் கட்டம் போட்டு சம்பளம், வேலை நேரம், நிரந்தரம், பெயர், வளர்ச்சி என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண் போட்டேன். ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே கூட்டுத்தொகை வந்தது. அப்புறம் பார்த்தால், எந்த வேலைக்கு மனம் சாய்கிறதோ அதற்கு ஏற்றமாதிரி மதிப்பெண்ணை நானே கூட்டிக் குறைத்திருக்கிறேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஒரு கேள்வியைக் கேட்டேன்: எழுதுவதில் எனக்குப் பிடித்தது எது? எழுத்து பிடிக்கும் என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம், அதற்குள் எந்த நிமிடம் பிடிக்கும்?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது எங்கள் நூலகத்தின் பின்னறையில்.

அங்கே கிழிந்த புத்தகங்களைப் பைண்டிங் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். முதல் வருடத்தில் அவரைப் பற்றி இதழுக்கு ஒரு கட்டுரை எழுத இரண்டு மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிரிந்துபோன பக்கங்களைப் பாரம் பாரமாக, அதாவது மடித்த கட்டுக் கட்டாக அடுக்கி, மெழுகு தடவிய நூலை ஊசியில் கோர்த்து, மடிப்பில் குத்தித் தைத்துக்கொண்டே போவார். தைத்து முடித்ததும் புத்தகத்தின் முதுகை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டுவார், கோபமில்லாத தட்டு, குழந்தையைத் தூங்கவைக்கத் தட்டுவது மாதிரி. ‘இத்தனை வருஷத்துல எத்தனை புத்தகம் படிச்சிருப்பீங்க ஐயா’ என்று கேட்டேன். ‘முழுசா ஒண்ணுகூடப் படிச்சதில்லம்மா, கிழிஞ்ச பக்கத்தை மட்டும் படிச்சிருக்கேன்’ என்றார். அந்த ஒரு வரியைக் கேட்ட நொடியில் எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது, கை நடுங்கி எழுத்து கோணலாகப் போனது, இன்றைக்கும் அந்த நோட்டில் அந்த வரி மட்டும் சாய்ந்துதான் இருக்கிறது.

சரி, அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கட்டுரையை எழுதும்போது அந்த வரிக்கு அடுத்து, ‘சொல்லும்போது அவர் கண்கள் கலங்கின’ என்று சேர்த்துவிட்டேன். கலங்கவில்லை. வாக்கியத்துக்கு அது தேவைப்படுகிறமாதிரி இருந்தது, கதை எழுதும் கை தானாக எழுதிவிட்டது. இதழ் வந்ததும் அவரிடம் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலை வரி வரியாக நகர்த்திப் படித்தார். படித்து முடித்து, ‘எல்லாம் சரியா எழுதியிருக்கம்மா, ஆனா நான் எங்க அழுதேன்?’ என்று கேட்டார். கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார், தான் அழுது தனக்கே தெரியாமல் போயிற்றோ என்பதைப் போல. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டோம். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு மட்டும் அது இன்னும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்த அனுபவத்தைத் திரும்பத் திரும்ப யோசித்ததில் என் ‘எழுத்து ஆசை’ மூன்றாகப் பிரிந்தது. ஒன்று கேட்பது: தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து, அவர் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்ல வைப்பது. இரண்டு கோர்ப்பது: கிடைத்ததை எந்த வரிசையில் வைத்தால் படிப்பவர் கடைசிவரை வருவார் என்று பார்ப்பது. மூன்று கற்பனை: இல்லாத ஒன்றை இருப்பதுபோலச் செய்வது. மூன்றும் எனக்குப் பிடிக்கும். ஆனால் மூன்றையும் ஒரே வேலை தராது, ஒவ்வொரு வேலையும் இதில் ஒன்றை நிறையக் கேட்கும், இன்னொன்றைச் சும்மா விட்டுவிடும், மூன்றாவதைச் சில சமயம் கெடுத்தும்விடும். இதை வைத்துத்தான் ஐந்தையும் மறுபடி எடைபோட்டேன்.

நிருபர் வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் வெளியில் தவறான படம் அதிகம். எங்களுக்கு மூன்று வருடம் முன்னால் படித்த அக்கா ஒருவர் இப்போது நிருபராக இருக்கிறார். ஒரு நாள் முழுக்க அவருடன் போக அனுமதி வாங்கிப் போனேன். காலையில் கூட்டம், அன்றைக்கு என்னென்ன செய்தி என்று பட்டியல். பிறகு ஒரு அலுவலக வாசலில் மூன்றரை மணி நேரம் நின்றோம், ஒரு அதிகாரி வெளியே வருவதற்காக. வந்தார், நாற்பது நொடி பேசினார், போனார். அக்கா அந்த நாற்பது நொடியை வைத்துக்கொண்டு நான்கு பேருக்கு போன் செய்து, இரண்டு பேர் எடுக்காமல், ஒருவர் ‘என் பெயர் வரக்கூடாது’ என்று சொல்லி, கடைசியில் முந்நூறு வார்த்தையில் ஒரு செய்தி அனுப்பினார். அதில் அவருடைய ‘நடை’ என்று சொல்ல ஒரு வாக்கியம்கூட இல்லை. முக்கியமானது முதலில், அடுத்து முக்கியமானது அதற்குக் கீழே என்று தலைகீழ்ப் பிரமிடாகக் கட்டிய செய்தி. பக்கத்தில் இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டிக்கொண்டே வரலாம், செய்தி சாகாது, அந்த வடிவத்தின் வசதியே அதுதான். ‘கதை எழுதுற பொண்ணுக்கு இது போரடிக்குமே’ என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்.

எனக்குப் போரடிக்கவில்லை. அந்த மூன்றரை மணி நேரத்தில் வாசலில் காவலுக்கு இருந்தவரும், மனுவோடு வந்திருந்த ஒரு அம்மாவும், டீ கொண்டுவந்த பையனும் பேசியதை அக்கா கேட்டுக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன். அதில் எதுவும் அன்றைய செய்தியில் வரவில்லை. ஆனால் அந்த அம்மாவின் மனுவிலிருந்து அடுத்த வாரம் ஒரு செய்தி வந்தது. காத்திருப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

நிருபர் வேலையில் கேட்பது எவ்வளவு ஆழமாகப் போகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. 1955இல் கொலம்பியக் கடற்படைக் கப்பல் ஒன்றிலிருந்து எட்டு மாலுமிகள் கடலில் விழுந்தார்கள். ஒருவர் மட்டும் பத்து நாள் மிதவையில் கிடந்து உயிரோடு கரை சேர்ந்தார். நாடே அவரைக் கொண்டாடி முடித்து, கதை பழையதாகிப்போன பிறகு, அவர் எல் எஸ்பெக்தாதோர் பத்திரிகைக்கு வந்தார். அவரைக் கேட்கும் வேலை அங்கே நிருபராக இருந்த காப்ரியேல் கார்சியா மார்க்கேஸுக்கு வந்தது. தினம் ஆறு மணி நேரமாக இருபது முறை உட்கார்ந்து பேசினார்கள். முரண்பாடு வருகிறதா என்று பார்க்க, சுற்றி வளைத்தெல்லாம் கேள்வி கேட்டார் அவர். புயலைப் பற்றிக் கேட்டபோதுதான் மாலுமி சொன்னார், புயலே இல்லை என்று. மேல்தளத்தில் ஏற்றியிருந்த கள்ளக்கடத்தல் சரக்கு, காற்றில் கப்பல் சாய்ந்தபோது சரிந்து ஆட்களைக் கடலில் தள்ளியிருக்கிறது. அரசு மறுத்தது. பத்திரிகை, மற்ற மாலுமிகள் கப்பலில் எடுத்திருந்த படங்களைத் தேடி வாங்கி, பின்னணியில் சரக்குப் பெட்டிகள் தெரிய வெளியிட்டது. தொடர் 14 பகுதிகளாக, மாலுமியே சொல்வதுபோல, அவர் பெயரிலேயே வந்தது, எழுதியவர் பெயர் அதில் இல்லை.

பின்னாளில் உலகமே கொண்டாடிய ஒரு கற்பனைக்காரர் அந்த இருபது அமர்வுகளில் எதையும் கற்பனை செய்யாமல் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். அந்தத் தொடரின் உயிரே ‘புயல் இல்லை’ என்ற தகவல். அதை யாராலும் உட்கார்ந்த இடத்தில் யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

நிருபர் வேலையின் குறைகளும் தெரிந்தேதான் பேசுகிறேன். நேரம் நம் கையில் இல்லை, ஆரம்பச் சம்பளம் பெரும்பாலும் குறைவு, நாள் முடிவில் உடம்பு களைத்துப்போகும், எழுதுவதில் முக்கால்வாசி மறுநாளே யாருக்கும் நினைவிருக்காது. அதைவிட ஒரு ஆபத்து என்னைப் போன்ற கதை எழுதுபவர்களுக்கென்றே இருக்கிறது. 1980இல் வாஷிங்டன் போஸ்ட்டில் ஜேனட் குக் என்ற நிருபர், போதைக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு அறிவித்தார்கள். அந்தச் சிறுவனே இல்லை என்பது அதன்பின் சில நாட்களிலேயே வெளிவந்தது. பரிசு திரும்பிப் போனது, வேலையும் போனது. நான் அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் ‘கண்கள் கலங்கின’ நினைவுக்கு வரும். அளவு வேறு, ஆனால் புத்தி ஒன்றுதான். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே வந்திருக்காது, ‘இப்படி இருந்தால் நன்றாக இருக்குமே’ என்று ஒரு வாக்கியம் கேட்டிருக்கும், கை கொடுத்திருக்கும்.

அடுத்தது டெஸ்க். உண்மையைச் சொன்னால், ரொம்ப நாள் இதுதான் முதலிடத்தில் இருந்தது. எனக்குச் செப்பனிடுவது நன்றாக வரும். ஒரு ஜூனியர் 900 வார்த்தையில் விடுதித் தண்ணீர்ப் பிரச்சினையை எழுதிக்கொண்டு வந்தான். முதல் நான்கு பத்தியும் தண்ணீரின் பெருமை, திருக்குறள், அது இது. ஐந்தாவது பத்தியில், மூன்றாவது மாடியில் இருப்பவர்கள் விடிகாலை நான்கு மணிக்கு வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி. அந்த வரியை மேலே தூக்கி வைத்து, முதல் நான்கையும் எடுத்துவிட்டு, 480 வார்த்தையில் முடித்துக் கொடுத்தேன். அவன் அதைப் படித்துவிட்டு, ‘நான் எழுதினதுதானே அக்கா இது?’ என்றான். ஆமாம், அவன் எழுதியதுதான், ஒரு வார்த்தைகூட நான் புதிதாகச் சேர்க்கவில்லை. அந்தச் சந்தோஷம் தனி.

தமிழில் எழுத நினைக்கும் ஒருவருக்கு டெஸ்க் நல்ல பட்டறை என்பதிலும் சந்தேகமில்லை. பாரதி 1904இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து பார்த்த முக்கியமான வேலை, ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் கொண்டுவருவது. தினம் தினம் அவசரத்தில், புதுப்புது விஷயங்களுக்குத் தமிழில் வார்த்தை தேடிக்கொண்டே இருக்கிற வேலை ஒருவருடைய மொழியை என்னவெல்லாம் செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். தலைப்பு எழுதுவது இன்னொரு பயிற்சி. ஆறு வார்த்தை, இடம் அவ்வளவுதான், செய்தியும் இருக்க வேண்டும், மிகைப்படுத்தவும் கூடாது. என் சிறுகதைகளின் வாக்கியம் சுருங்கியதற்கு இதழில் தலைப்பு எழுதியதுதான் காரணம் என்று நம்புகிறேன்.

அப்படியானால் ஏன் அது விழுந்தது? இரண்டு காரணம். டெஸ்க்கில் கோர்ப்பது மட்டும்தான் இருக்கிறது, கேட்பது இல்லை. இரண்டாம் வருடம் முழுக்க நான் இதழ் அறையிலேயே இருந்தேன், மற்றவர்கள் போய் வந்தார்கள், அவர்களுடைய நோட்டுகளில் இருந்த ஆட்களை நான் பார்க்கவே இல்லை. அந்த வருடம் ஒரு கதையும் எழுதவில்லை என்பதைப் பின்னால்தான் கவனித்தேன். நேரம் இருந்தது, ஆனால் நாள் முழுக்க அடுத்தவர் வாக்கியத்தை நேராக்கிவிட்டு ராத்திரி என் வாக்கியத்தைப் பார்த்தால் அதிலும் பிழைதான் தெரிந்தது, இரண்டு வரி எழுதி மூன்று வரி அடிப்பேன். மற்றவர்களுக்கு இப்படி ஆகும் என்று சொல்லவில்லை, எனக்கு ஆனது. இரண்டாவது காரணம், டெஸ்க் வேலையின் வழக்கமான பகுதியை, அதாவது செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஏஜென்சிச் செய்தியைச் சுருக்குவது, மொழிபெயர்ப்பது, நான்கு விதத் தலைப்பு யோசிப்பது, இதையெல்லாம் இப்போது மென்பொருளே ஓரளவு செய்கிறது. ஒரு செய்தியைப் போடலாமா வேண்டாமா, இந்த வரியால் யாருக்குப் பாதிப்பு வரும் என்று முடிவு செய்யும் மூத்தவர்களின் இடம் அப்படியே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த இடத்துக்கு ஏறும் முதல் படிகள் குறைந்துகொண்டு வருகின்றன, நான் நிற்கப்போவது அந்த முதல் படியில்.

ஃப்ரீலான்ஸ் பற்றி ஆசையாகப் பேசுகிற நண்பர்கள் நிறையப் பேர். சொந்த நேரம், பிடித்த விஷயம், நீண்ட கட்டுரை. 1946 ஆகஸ்ட் 31ஆம் தேதி இதழை முழுவதுமாக நியூ யார்க்கர் ஒரே கட்டுரைக்குக் கொடுத்தது, ஜான் ஹெர்சி ஹிரோஷிமாவில் உயிர் பிழைத்த ஆறு பேரைப் பற்றி எழுதியது அது. அப்படி ஒன்றை எழுத வேண்டும் என்ற கனவு எனக்கும் இருக்கிறது. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு பத்திரிகை நின்றது, அதற்குள் அவர் போர்முனை நிருபராகப் பல வருடம் வேலை பார்த்திருந்தார். படிப்பு முடித்த கையோடு தனியாக நின்றால் நடப்பது இதுதான்: ஐடியாவை ஒரு பத்தியில் எழுதி ஆசிரியர்களுக்கு அனுப்ப வேண்டும், பாதிக்கு மேல் பதில் வராது, சரி என்று சொன்னாலும் பயணச் செலவை முதலில் நாம் போட வேண்டும், பணம் கட்டுரை வந்த பிறகு எப்போதோ வரும். நானே ஒரு முறை பட்டேன். ஓர் இதழ் கேட்டது என்று மூன்று வாரம் அலைந்து எழுதிய கட்டுரை, ஆசிரியர் மாறியதும் அப்படியே கிடப்பில் போனது, இன்றுவரை வெளிவரவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அதில் எனக்கு நேரம் கொடுத்துப் பேசிய ஐந்து பேருக்கு நான் என்ன பதில் சொல்வது? பணத்தைவிட அதுதான் உறுத்துகிறது. யாராவது மிரட்டினாலோ வழக்கு போட்டாலோ தனியாள் என்ன செய்வார் என்பதும் இருக்கிறது. ஐந்தாறு வருடம் கழித்து, என்னைத் தெரிந்த நான்கு ஆசிரியர்கள் இருக்கும்போது இதற்கு வருவேன். இப்போது இல்லை.

ஆடியோதான் என்னை அதிகம் குழப்பியது. அதில் கேட்பதும் இருக்கிறது, கோர்ப்பதும் இருக்கிறது, கற்பனைக்கு ஆபத்தில்லாத ஓர் இடமும் இருக்கிறது, ஏனென்றால் வார்த்தை அவர்களுடையது, குரல் அவர்களுடையது, நான் ‘கண்கள் கலங்கின’ என்று சேர்க்கவே முடியாது, கலங்கியிருந்தால் குரலில் கேட்கும். போன வருடம் ஒரு பேருந்து ஓட்டுநரைப் பதிவு செய்தேன். ஓய்வு பெறப்போகும் கடைசி நாளைப் பற்றிக் கேட்டபோது அவர் நான்கு நொடி ஒன்றும் பேசவில்லை, பின்னணியில் எஞ்சின் சத்தம் மட்டும் ஓடியது, அப்புறம் ‘காலைல நாலு மணிக்கு முழிப்பு வந்துடுமே, அதை என்ன பண்றது’ என்றார். தொகுக்கும்போது அந்த நான்கு நொடியை ஒன்றரை நொடியாக வெட்டிப் பார்த்தேன், வரி செத்துவிட்டது. திரும்ப நான்காக வைத்தேன். எழுத்தில் அந்த நான்கு நொடியை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் இதழியல் படித்து, பத்திரிகைகளில் வேலை பார்த்து, பிறகு நூற்றுக்கணக்கான பேருடைய பேச்சைப் பதிவு செய்து குரல்களாகவே கோர்த்து நூல்கள் செய்தவர், 2015இல் இலக்கியத்துக்கான நோபல் அவருக்குக் கிடைத்தது. கேட்பதும் கோர்ப்பதும் மட்டுமே வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் ஆடியோவை மட்டும் நம்பி முழுநேர வேலை தேடியபோது, கிடைத்த விளம்பரங்களில் பாதிக்கு மேல் நிறுவனங்களுக்கான விளம்பரத் தொகுப்பு, நிகழ்ச்சி வழங்குவது, சமூக ஊடகத்துக்குத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பது. அந்த நான்கு நொடிக்கு அங்கே இடமில்லை. ஆகவே இதை வேலையாக எடுக்காமல் கையில் உள்ள கருவியாக எடுத்துப்போகலாம் என்று தோன்றியது. பதிவு செய்யத் தெரிந்த நிருபர் எந்த அலுவலகத்திலும் கூடுதல் பயன்தான்.

கடைசி வழி, வேறு வேலை. வீட்டில் எல்லோருக்கும் பிடித்ததும் இதுதான். ‘ஒரு நல்ல வேலையில சேரு, எழுத்து எங்க ஓடிப்போகுது, ராத்திரி எழுதிக்கோ’ என்று அப்பா சொல்கிறார், அக்கறையில்தான் சொல்கிறார், அதில் நியாயமும் இருக்கிறது. வாடகைக்கு எழுதத் தேவையில்லை என்றால் கதையை யாருக்காகவும் வளைக்க வேண்டாம். இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் காஃப்கா. அவர் 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார், சரிதான். ஆனால் அந்த அலுவலகம் அவருக்கு மதியம் இரண்டு மணிக்கு முடிந்துவிடும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அப்படியும் நேரம் போதவில்லை என்று டைரி முழுக்கத் தவித்தவர் அவர். இன்றைக்கு எனக்குக் கிடைக்கக்கூடிய எந்த ‘நல்ல வேலை’யும் இரண்டு மணிக்கு முடியாது. அதோடு, என் ஏழு கதையையும் எடுத்து வரிசையாகப் படித்துப் பார்த்தேன். உருப்படியான நான்கும், இதழுக்காக நான் போய்ப் பார்த்த யாரோ ஒருவரிடமிருந்து முளைத்தவை. மற்ற மூன்றும் என் அறைக்குள் உட்கார்ந்து யோசித்தவை, மூன்றிலும் ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்து எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதைப் பார்த்த பிறகு இந்த வழியைப் பற்றி எனக்குக் குழப்பமே இல்லை. எனக்குக் கற்பனை வருவது கேட்டதிலிருந்து. கேட்பதை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் சம்பாதித்தால் அந்த நேரத்தில் வைத்துக்கொண்டு எழுத என்னிடம் என்ன இருக்கும்?

உங்களுக்கு இது அப்படியே தலைகீழாக இருக்கலாம். என்னோடு படிக்கும் ஒருவனுக்கு அறைக்குள் உட்கார்ந்தால்தான் உலகமே திறக்கும், வெளியே நாலு பேரைப் பார்த்துவிட்டு வந்தால் இரண்டு நாள் எழுத்து வராது. அவன் மொழிபெயர்ப்பு வேலைக்குப் போகிறான், அவனுக்கு அது சரி. எந்த வேலை நல்ல வேலை என்று கேட்டுக்கொண்டு அலைவதற்குப் பதில், இதுவரை எழுதியதில் உருப்படியானதை மட்டும் எடுத்து மேஜையில் பரப்பி, இது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் எழுதிப் பாருங்கள். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது.

ஆக, நிருபர் வேலை. அதிலும் பெரிய இடத்தில் ஒரே துறையைக் கொடுத்து ஓரத்தில் உட்காரவைப்பதைவிட, ஆள் குறைவான சின்ன இடமாகப் பார்க்கிறேன். அங்கேதான் காலையில் விபத்து, மதியம் கண்காட்சி, சாயங்காலம் நீதிமன்றம் என்று எல்லாவற்றுக்கும் அனுப்புவார்கள், பிழை விட்டால் திட்டுவதற்கு ஆசிரியரும் பக்கத்து மேஜையிலேயே இருப்பார். இரண்டு வருடம் என்று எனக்கு நானே கெடு வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் முடிந்ததும் மறுபடி உட்கார்ந்து பார்ப்பேன். அதுவரை கதைக்குக் காலையில் முக்கால் மணி நேரம், வேலைக்குப் போவதற்கு முன்னால்தான், ஏனென்றால் ராத்திரி என்னிடம் மீதி இருக்காது என்பதை அக்காவோடு போன அந்த ஒரே நாளில் பார்த்துவிட்டேன். நோட்டு இரண்டு. வேலை நோட்டில் பார்த்ததும் கேட்டதும் மட்டும், நேரமும் பெயரும் போட்டு. கதை நோட்டு வீட்டை விட்டு வெளியே வராது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு திசையில்தான் போகலாம்: பார்த்தது கதைக்குப் போகலாம், அதுவும் ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றிய பிறகு. கதையிலிருந்து ஒரு வரிகூட செய்திக்கு வரக்கூடாது. அக்காவிடம் இதைச் சொன்னபோது, ‘நோட்டு பிரிச்சிடுவ, கையை எப்படிப் பிரிப்ப?’ என்று கேட்டார். பதில் இல்லை. அதனால் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன், ஒருவரைப் பற்றி எதை எழுதினாலும் அதில் அவர் செய்ததாக வரும் ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் அடியில் கோடு போட்டு, இதைப் பார்த்தேனா என்று நோட்டில் தேடுவது. இந்த மாதம் மூன்று கட்டுரைகளில் செய்து பார்த்தேன். ஒன்றில் ‘சிரித்தபடி சொன்னார்’ என்று இருந்தது, நோட்டில் சிரிப்பு இல்லை. எடுத்துவிட்டேன்.

ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன். மூன்று மாதிரிக் கட்டுரைகள் கேட்டிருக்கிறார்கள். ஓட்டுநரின் ஒலித்தொகுப்பு ஒன்று, நான் செப்பனிட்டதைக் காட்டத் தண்ணீர்க் கட்டுரையின் இரண்டு வடிவமும், அந்த ஜூனியரிடம் கேட்டுவிட்டுத்தான். மூன்றாவதாக பைண்டிங் பெரியவர். நேற்று மதியம் அதைத் திரும்ப எழுத வேண்டும் என்று சொல்லி அவர் அறைக்குப் போனேன். ஒரு தடித்த அகராதியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த முறை பேச்சைக் குறைத்துக்கொண்டு பார்த்தேன். ‘கிழிஞ்ச பக்கத்தை மட்டும் படிச்சிருக்கேன்’ என்று அன்றைக்குச் சொன்னபோது அவர் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று என் பழைய நோட்டில் இருந்தது, அன்று அதைச் சாதாரணம் என்று விட்டிருந்தேன்: நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். நேற்றும் அப்படித்தான் அறுத்தார். கட்டுரையில் இப்போது அந்த வரிக்கு அடுத்து அதுதான் இருக்கிறது, அடியில் பழைய திருத்தத்தின் இரண்டு வரியையும் சேர்த்தே அனுப்புகிறேன்.